‘சப்ஜெக்ட் டு’: முன்பணம் கட்டும் முன் படிக்க வேண்டிய இரண்டு சொல்

சனிக்கிழமை மாலை. சுபாங் ஜெயா எஸ்எஸ் 15-இல், எல்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாமாக் கடை. மேசையில் மூன்று தே தாரேக், ஒரு பேனா, ஒரே ஒரு தாள். வீடு பார்த்துவிட்டு வந்த கணவனும் மனைவியும் ஒருபுறம், ஏஜெண்டுத் தம்பி மறுபுறம்.

“அண்ணே, இது எல்லாரும் போடுற பாரம்தான். இன்னிக்கு மூணு பர்சன்ட் கட்டிட்டா வீட்டப் புடிச்சு வச்சிரலாம். லோன் கெடைக்கலன்னா காசு திரும்ப வந்துரும். அதான் ‘சப்ஜெக்ட் டு லோன் அப்ரூவல்’னு எழுதியிருக்குல்ல.”

அண்ணன் மனைவியைப் பார்க்கிறார். வீட்டின் விலை 5 லட்சம் ரிங்கிட். மூன்று விழுக்காடு என்றால் 15,000. அந்தத் தொகை திரும்பி வருமா வராதா என்பது அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

சீஃபீல்டு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் 1976-இல் வீடமைப்பு தொடங்கி வளர்ந்த ஊர் சுபாங் ஜெயா. தோட்டத்தில் கங்காணியும் கிராணியும் வாயால் சொன்னதை நம்பி வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே மண்ணில் பாரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். பாரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை யாராவது படித்துச் சொல்வார்கள் என்று காத்திராமல் தாங்களே படிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கானது இந்த அத்தியாயம்.

பொருள்: வாக்குறுதியும் கயிறும்

பள்ளியில் ‘சப்ஜெக்ட்’ என்றால் பாடம். அந்த நினைவோடு பாரத்தைப் படித்தால் ஒன்றும் விளங்காது. இங்கே ‘சப்ஜெக்ட் டு’ என்பதற்கு ‘உட்பட்டு’, ‘கட்டுப்பட்டு’ என்று பொருள். அரசாங்கக் கடிதங்களில் வரும் ‘தெர்தாக்லுக் கெபாடா’ என்ற மலாய்த் தொடரும் இதேதான். இந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு வாக்குறுதி நிற்கும், பின்னால் அதை இழுத்துப் பிடிக்கும் கயிறு நிற்கும். பலர் வாக்குறுதியைப் படித்துவிட்டுக் கயிற்றைப் படிக்காமல் எழுந்துவிடுகிறார்கள்.

இந்தத் தொடர் மூன்று வேலை செய்யும்.

ஒன்று, நிபந்தனை. ‘கடன் ஒப்புதலுக்கு உட்பட்டு வாங்குகிறேன்’ என்றால், ஒப்புதல் வராதவரை வாங்குவது உறுதியில்லை. எஸ்பிஎம் தேர்வு முடிவுக்கு முன்பே கல்லூரி தரும் இட உறுதிக் கடிதமும், மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்ட வேலைக் கடிதமும் இதே வகை.

இரண்டு, எது பெரியது என்று சொல்வது. ‘5-ஆம் பிரிவுக்கு உட்பட்டு’ என்று ஒரு வரி தொடங்கினால், இரண்டும் மோதும் இடத்தில் 5-ஆம் பிரிவே வெல்லும். நாட்டின் அரசியலமைப்பிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 10-ஆவது விதியின் முதல் உட்பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமையையும் ஒன்றுகூடும் உரிமையையும் தருகிறது. ஆனால் அடுத்து வரும் உட்பிரிவுகளுக்கு உட்பட்டுத்தான் தருகிறது. நாடாளுமன்றம் எந்தக் காரணங்களுக்காக அந்த உரிமைகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்பது அவற்றில் இருக்கிறது. முதல் உட்பிரிவை மட்டும் படித்தவருக்குப் பாதிச் சட்டம்தான் தெரியும்.

மூன்று, ஒன்றுக்கு ஆளாவது. ‘விலை மாற்றத்துக்கு உட்பட்டது’, ‘சேவை வரிக்கு உட்பட்டது’ என்பவை இந்த வகை.

‘உட்பட’ வேறு, ‘உட்பட்டு’ வேறு

தமிழில் யோசித்துப் படிப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இது. ‘வரி உட்பட 100 ரிங்கிட்’ என்றால் பையில் இருந்து 100 போகும், அதோடு முடிந்தது. ‘100 ரிங்கிட், வரிக்கு உட்பட்டது’ என்றால் 100-க்கு மேல் வரி தனியாக ஏறும். உணவக மெனுவின் அடியில் சின்ன எழுத்தில், விலைகள் 10 விழுக்காடு சேவைக் கட்டணத்துக்கும் 6 விழுக்காடு சேவை வரிக்கும் உட்பட்டவை என்று போட்டிருப்பார்கள். 100 ரிங்கிட்டுக்குச் சாப்பிட்டவர் ஏறக்குறைய 116 கொடுத்துவிட்டு வெளியே வருவார்.

சாப்பாட்டுக் கடையில் 16 ரிங்கிட் போனால் மனம் ஆறிவிடும். வழக்கறிஞர் கட்டண மதிப்பீட்டில் இதே வரி இருந்தால் தொகை பெரிது. பல சேவைகளுக்கான வரி 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆக உயர்ந்தது. உணவு போன்ற சிலவற்றுக்குப் பழைய 6 நீடிக்கிறது. எனவே மதிப்பீட்டுத் தாளை வாங்கியதும் ஒரே கேள்வி: “இது வரி உட்படவா, வரிக்கு உட்பட்டதா?” பதிலை அந்தத் தாளிலேயே எழுதி வாங்க வேண்டும்.

படிக்கும் வரிசை

மாமாக் கடை மேசைக்கே திரும்புவோம். அந்த ஒற்றைத் தாளைப் பத்து நிமிடத்தில் இப்படிப் படிக்கலாம்.

1. வட்டமிடுங்கள். ‘சப்ஜெக்ட் டு’ வரும் ஒவ்வோர் இடத்தையும் பேனாவால் சுற்றுங்கள். அதன் உடன்பிறப்புகளான ‘ப்ரொவைடட் தட்’, ‘கண்டிஷனல் அப்பான்’ ஆகியவற்றையும், மலாய்த் தாள் என்றால் ‘டெங்ஙான் ஷாராட்’ என்பதையும் விட்டுவிட வேண்டாம்.

2. எது கட்டப்பட்டிருக்கிறது? ‘வாடகை 1,800, கார் நிறுத்துமிடம் 100, ஆண்டுதோறும் மறுபரிசீலனைக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி. மறுபரிசீலனை நிறுத்துமிடக் கட்டணத்துக்கா, வாடகைக்கும் சேர்த்தா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். அடுத்த ஆண்டு வீட்டுக்காரர் தமக்குச் சாதகமான விதத்தில்தான் படிப்பார். இன்றைக்கே அதை இரண்டு வாக்கியமாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

3. கயிறு யார் கையில்? வங்கியின் ஒப்புதல், மாநில அரசின் ஒப்புதல் என்றால் மூன்றாம் தரப்பின் கையில். ‘உரிமையாளரின் ஒப்புதலுக்கு உட்பட்டது’ என்றால் எதிர்த்தரப்பின் கையில். அவர் இன்னும் கட்டுப்படவில்லை, உங்கள் பணம் மட்டும் போய்விட்டது. இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

4. எந்தத் தேதிக்குள்? தேதி இல்லாத நிபந்தனை முடிவில்லாமல் இழுக்கும்.

5. நிறைவேறாவிட்டால் பணம் என்னாகும்? முழுதும் திரும்புமா, பிடித்தம் உண்டா, எத்தனை நாளில் வரும்?

6. ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ எங்கே? இது ‘சப்ஜெக்ட் டு’வின் நேர் எதிரி. ‘மேலே என்ன சொல்லியிருந்தாலும் சரி’ என்று பொருள். ஐந்தாவது வரியில் நீங்கள் போராடி வாங்கிய பாதுகாப்பைப் பன்னிரண்டாவது வரியில் இந்த ஒரு சொல் அழித்துவிடலாம். தாளைக் கடைசி வரி வரை படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

‘சப்ஜெக்ட் டு லோன்’ போதாது

ஏஜெண்டுத் தம்பி சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த வரி பாதி வரி. 5 லட்ச வீட்டுக்கு 90 விழுக்காடு, அதாவது 4,50,000 ரிங்கிட் கடன் கிடைக்கும் என்று தம்பதி கணக்குப் போட்டிருக்கிறார்கள். வங்கி 80 விழுக்காடுதான் தருகிறேன் என்கிறது. 50,000 குறைகிறது. இப்போது கடன் ‘ஒப்புதல்’ ஆகிவிட்டதா, இல்லையா? வாங்குபவர் இல்லை என்பார். விற்பவர், வங்கிக் கடிதத்தில் ஒப்புதல் என்றுதானே இருக்கிறது என்பார். 15,000 ரிங்கிட் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே அந்த வரிக்குள் ஐந்து விவரம் வேண்டும்:

1. கடன் அளவு: வாங்கும் விலையில் குறைந்தது 90 விழுக்காடு.
2. எத்தனை வங்கி: இரண்டு அல்லது மூன்று. ஒரே வங்கி மறுத்ததும் விலகுவதை விற்பவர் ஏற்கத் தயங்குவார்.
3. கெடு: இன்ன தேதிக்குள் என்று நாள், மாதம், ஆண்டோடு.
4. ஆதாரம்: வங்கி மறுத்த கடிதம், அல்லது குறைவாகத் தர முன்வந்த கடிதம்.
5. திருப்பித் தருதல்: பிடித்தம் இல்லாமல், இத்தனை வேலை நாளில்.

சட்டத் தமிழோ நீதிமன்ற ஆங்கிலமோ தேவையில்லை. சாதாரணச் சொல்லில் எழுதினாலே போதும்: ‘வாங்குபவர் மூன்று வங்கிகளில் விண்ணப்பித்து, வாங்கும் விலையில் குறைந்தது 90 விழுக்காடு கடன் இந்தத் தேதிக்குள் கிடைப்பதற்கு உட்பட்டது. கிடைக்காவிட்டால், வங்கிக் கடிதங்களைக் காட்டிய ஏழு வேலை நாளில் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.’ இதை ஏஜெண்டு ஆங்கிலத்தில் எழுத, இரு தரப்பும் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும்.

*குறிப்பு:* பாரத்தைத் தொடுவதற்கு முன்பே பேங்க் நெகாராவின் சிக்ரிஸ் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. கடன் கிடைக்குமா என்ற சந்தேகத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மூன்றாவது வீட்டுக் கடன் என்றால் 70 விழுக்காடுதான் உச்சவரம்பு என்பது 2010 நவம்பர் முதல் நடைமுறை. அப்படிப்பட்டவர் ‘90 விழுக்காடு’ என்று எழுதி வாங்கி வைப்பது நியாயமல்ல.

மேம்பாட்டாளரிடமிருந்து நேரடியாகப் புதிய வீடு வாங்குபவர்களின் நிலை வேறு. அவர்களுக்கான ஒப்பந்தத்தைச் சட்டமே வரைந்து வைத்திருக்கிறது. தரைவீட்டுக்கு ‘ஜி’ அட்டவணை, அடுக்குமாடிக்கு ‘எச்’ அட்டவணை. வருமானம் போதாமல் கடன் மறுக்கப்பட்டு, அதற்கு ஆதாரமும் காட்டினால், விலையில் 1 விழுக்காடு மட்டும் மேம்பாட்டாளருக்குப் போகும், மீதி திரும்பி வரும். கைமாறும் பழைய வீடுகளுக்கு இந்தக் காவல் கிடையாது. அங்கே நீங்கள் எழுதி வாங்கியது மட்டும்தான் காவல்.

நீதிமன்றம் எப்படிப் படிக்கிறது

‘முறையான ஒப்பந்தத்துக்கு உட்பட்டு’ என்ற தொடர் மலேசிய நீதிமன்றங்களுக்குப் பழக்கமானது. இரண்டு வழக்குகள் எதிரெதிர்த் திசையில் போனவை. அதனால்தான் இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1963-இன் லோ கார் இட் எதிர் முகமட் ஈசா வழக்கில், நிலம் வாங்க ஒரு ஆப்ஷன், அதாவது விரும்பினால் வாங்கிக்கொள்ளும் உரிமை, கொடுக்கப்பட்டிருந்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வரையப்போகும் முறையான ஒப்பந்தத்துக்கு அது உட்பட்டது என்று எழுதியிருந்தார்கள். ஆப்ஷனைப் பயன்படுத்துகிறோம் என்றது வாங்கும் தரப்பு. நிலத்துக்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. இது ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்ற ஒப்புதல் மட்டுமே, ஒப்பந்தம் இன்னும் பிறக்கவில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

டைமன் டெவலப்மென்ட் எதிர் மேத்யூ லுய் சின் தெக் வழக்கு வேறு திசையில் போனது. வீடு வாங்க வந்தவர்கள் புக்கிங் படிவத்தில் கையெழுத்திட்டுப் பணமும் கட்டியிருந்தார்கள். விற்பனை ஒப்பந்தம் பின்னால் வர வேண்டியது. இடையில் மேம்பாட்டாளர் விலையை உயர்த்தினார். அந்தப் படிவம் வெறும் முன்பதிவுதானே என்ற வாதம் எடுபடவில்லை. படிவமே கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்று 1978-இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை உறுதிப்படுத்தியது. மலேசிய வழக்குகளின் மேல்முறையீடு 1985 தொடங்கும் வரை அங்கே போய்க்கொண்டிருந்த காலம் அது.

ஆக, ‘ஒப்பந்தம் பின்னால் வரும்’ என்று எழுதியிருப்பதாலேயே தப்பித்துவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது, மாட்டிக்கொண்டோம் என்றும் நினைக்கக் கூடாது. இரு தரப்பும் அந்தத் தாளோடு கட்டுப்பட எண்ணினார்களா என்பதை முழுத் தாளையும் சூழ்நிலையையும் வைத்தே நீதிபதி பார்க்கிறார். பேச்சுவார்த்தைக் கட்டத்தில் கட்டுப்பட விருப்பமில்லை என்றால், வாட்சப்பில் அனுப்பும் விலைச் செய்தியிலும் ‘சப்ஜெக்ட் டு காண்ட்ராக்ட்’ என்று சேர்த்து அனுப்புவதே பாதுகாப்பு.

வழக்கமான தவறுகள்

*பின்னால் முழு வாக்கியம் போடுவது.* இந்தத் தொடருக்குப் பின் பெயர்ச்சொல்தான் வரும். ‘சப்ஜெக்ட் டு பேங்க் அப்ரூவ் தி லோன்’ தவறு. ‘சப்ஜெக்ட் டு தி பேங்க்ஸ் அப்ரூவல்’ சரி. தமிழில் ‘ஒப்புதலுக்கு உட்பட்டு’ என்று சொல்லிப் பார்த்தால் பிடிபடும். ‘ஒப்புதல் தருகிறது உட்பட்டு’ என்று யாரும் சொல்வதில்லை. முழு வாக்கியம்தான் வேண்டும் என்றால் ‘ப்ரொவைடட் தட்’ போடுங்கள்.

*ஒப்புக்கொள்ளும்போது நிபந்தனை ஒட்டுவது.* வாடகைக்கு வீடு தேடுபவர்கள் அதிகம் செய்வது இது. வீட்டுக்காரர், “மாசம் 1,800, சம்மதமா?” என்று செய்தி அனுப்புகிறார். “ஓகே, சப்ஜெக்ட் டு ஏர்கான் சர்விஸ்” என்று பதில் போகிறது. வீடு தமக்கு உறுதியாகிவிட்டது என்று இவர் நினைக்கிறார். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி, ஏற்பு என்பது முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும். இவர் அனுப்பியது ஏற்பு அல்ல, புதிய கோரிக்கை. வீட்டுக்காரர் அன்று மாலையே வேறொருவருக்குச் சாவி கொடுத்தால் கேட்க வழியில்லை. ஏர்கான் பேச்சை முதலில் முடித்துவிட்டு, பிறகு ‘ஓகே’ ஒன்றை மட்டும் அனுப்ப வேண்டும்.

*தன் பங்கைச் செய்யாமல் இருப்பது.* கடனுக்கு உட்பட்டது என்று எழுதிவிட்டு வங்கிப் பக்கமே போகாதவர், கடன் கிடைக்கவில்லை என்று முன்பணத்தைக் கேட்டால் கிடைப்பது கடினம். விண்ணப்பித்த நாள், வங்கி கேட்ட ஆவணம், அனுப்பிய நாள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

*நாள் எண்ணத் தொடங்கும் இடத்தைத் தவறவிடுவது.* பண்டார் சன்வே பக்கம் 99 ஆண்டுக் குத்தகை நில வீடுகள் நிறைய. நிலப்பட்டாவில் கட்டுப்பாடு எழுதியிருந்தால், விற்பனை மாநில அரசின் ஒப்புதலுக்கு உட்பட்டது. அப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் மீதிப் பணம் கட்டும் மூன்று மாதக் கெடு பெரும்பாலும் கையெழுத்திட்ட நாளிலிருந்து ஓடாது, ஒப்புதல் வந்த நாளிலிருந்து ஓடும். வாடகை வீட்டுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சாமான்களோடு நிற்கும் நிலை இந்தக் குழப்பத்தால்தான் வருகிறது.

பாதுகாப்பு

1. ஏஜெண்டின் ‘ரென்’ பதிவு அட்டையைப் பாருங்கள். அதிலுள்ள எண்ணை மதிப்பீட்டாளர், சொத்து முகவர் வாரியத்தின் இணையப் பதிவேட்டில் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும்.

2. முன்பணம் தனி மனிதரின் கணக்குக்குப் போகவே கூடாது. பதிவுபெற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கோ வழக்கறிஞரின் கணக்குக்கோ போக வேண்டும். பணத்தைப் பெறுபவர் நிபந்தனை நிறைவேறும் வரை அதை நடுநிலையாளராக வைத்திருப்பார் என்று தாளில் இருக்க வேண்டும். எவ்வளவு நல்ல ‘சப்ஜெக்ட் டு’ வரி இருந்தாலும், பணம் விற்பவரின் கையில் செலவாகிவிட்டால் அதை மீட்பது பெரும்பாடு.

3. வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டுங்கள். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. பிறகு அபராதத்தோடு கட்ட நேரும்.

4. இரண்டு மாத வாடகையும் அரை மாதப் பயன்பாட்டுக் கட்டணமும் வைப்புத்தொகையாகக் கட்டுவது கிள்ளான் பள்ளத்தாக்கு வழக்கம். ‘வைப்புத்தொகை, பழுதுக்கான கழிவுக்கு உட்பட்டுத் திருப்பித் தரப்படும்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால், ‘பயன்பாட்டால் வரும் வழக்கமான தேய்மானம் நீங்கலாக, ரசீதோடு’ என்ற சொற்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். சாவி வாங்கிய அன்றே சுவர், குழாய், தரை எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

5. பேசித் தீராவிட்டால், 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு உரிமைக்கோரல் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே மனு போடலாம். பெரும்பாலான வாடகை வைப்புத்தொகைகள் இந்த வரம்புக்குள் அடங்கும்.

எஸ்எஸ் 15 மேசையில் இருக்கும் அண்ணன் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். அச்சடித்த வரியின் பக்கத்தில் 90 விழுக்காடு, மூன்று வங்கி, கெடுத் தேதி, ஏழு வேலை நாள் என்று கையால் எழுதி, தானும் மனைவியும் சுருக்கொப்பம் இட வேண்டும். தம்பி தாளை விற்பவரிடம் கொண்டுபோய் அதே இடத்தில் அவருடைய சுருக்கொப்பத்தையும் வாங்கி, படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்தப் படம் கைபேசிக்கு வந்த பிறகுதான் வங்கிச் செயலியைத் திறக்கலாம். பணம் அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் வீட்டு எண்ணையும் ‘முன்பணம், கடனுக்கு உட்பட்டது’ என்பதையும் தட்டச்சு செய்து, ரசீதைத் தாளின் படத்தோடு ஒரே இடத்தில் சேமித்து வைக்க வேண்டும்.